சோமனூர் வட்டாரத்து நீரிழிவுத் தடுப்புப் பணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

சோமனூர், கருமத்தம்பட்டி சுற்றுவட்டாரப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், தறித் தொழிலாளர்களுக்கும் தறி உரிமையாளர்களுக்கும், கடைக்காரர்களுக்கும் எங்கள் ஊர் நலக் குழுவின் பணிவான வணக்கம்.

சர்க்கரை நோயை வரும் முன்பே தடுக்க முடியும் என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை. நோயின் விளிம்பில் இருந்தவர்கள் தங்கள் எடையில் 7 விழுக்காட்டைக் குறைக்கவும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலுக்கு வேலை கொடுக்கவும் துணைநின்றபோது, நோய் வருவது 58 விழுக்காடு குறைந்ததாக 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடமாட்டத்தையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு பயனைத்தான் தந்தது. ஆனால் இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் படுக்கப் போகும் தறித் தொழிலாளிக்கு அந்த 150 நிமிடம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு ஆய்வுக் கட்டுரையில் விடை தேட முடியாது. அந்த விடையைத் தந்தவர்கள் நீங்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதல் நன்றி எங்கள் தையல்கார அக்காவுக்கு. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட நீரிழிவு அபாய மதிப்பெண் முறைக்கு ஒரு சொட்டு ரத்தமும் தேவையில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு செய்திகள் போதும். 60 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறுபவர்கள் கட்டாயம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இதில் எங்களுக்குத் தடையாக நின்றது இடுப்பளவுதான். முகாமில் முன்பின் அறியாதவர் நாடாவை எடுத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் அந்த அக்கா ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் அளவெடுத்துப் பழகிய கை. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரிலும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரிலும் தம் அளவு நாடாவில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவைத்துக்கொண்டார். துணி தைக்க வந்தவர்களிடம், "அம்மணி, நூலைத் தாண்டிப் போயிருச்சு பாரு, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு, நாங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கைகளை எல்லாம் சேர்த்தாலும் ஈடாகாது.

ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் எடுப்பது மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சர்க்கரை 140 முதல் 199 வரை இருப்பவர்களில் பலருக்குக் காலை அளவு சரியாகவே இருக்கும். சென்னை ஆய்வில் பயன் கண்டவர்களும் இப்படிப்பட்டவர்களே. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல் ஆட்களை அனுப்பிய தறிக்குடோன் உரிமையாளர்களுக்கு எங்கள் நன்றி. கூலிப் பேச்சில் எத்தனையோ மனக்கசப்பு இருக்கும் இத்தொழிலில் இது சிறிய செயலன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், வராதவர்களின் வீட்டுக்கே போய் நினைவூட்டினார்கள். அவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி.

நடப்பதற்குப் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், விளக்குப் போட்டுக் கொடுத்த ஊராட்சியினருக்கும் பெண்கள் சார்பில் தனி நன்றி. இருட்டும் தெருநாய்களும் இருக்கும் வரையில் நடைப்பயிற்சியைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை என்பதை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தாம்.

உணவு பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கொங்கு நாட்டில் பேக்கரி என்பது தேநீர்க் கடையும்கூட. தறி ஓட்டுபவர் ஷிப்டுக்குப் பலமுறை அங்கே வருகிறார், ஒவ்வொரு முறையும் இனிப்பான தேநீரோடு ஒரு பன் அல்லது பப்ஸ். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரி அண்ணன், எல்லாத் தம்ளரிலும் முன்கூட்டியே சர்க்கரை போட்டுவைக்கும் வழக்கத்தை நிறுத்தினார். இப்போது மாஸ்டர் தம்ளரைக் கையில் எடுத்ததும், "சக்கரை போடட்டுங்களா?" என்று கேட்கிறார். வேண்டுமென்பவருக்கு உண்டு, கேட்காமல் விழுவது மட்டும் நின்றது. கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில் சுண்டலும் வேகவைத்த நிலக்கடலையும் வந்தன. வியாபாரம் செய்பவர் ஒருவர் தம் கல்லாவைப் பணயம் வைத்துச் செய்த மாற்றம் இது.

அதைவிடப் பெரிய துணிவு கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து எங்கள் கூட்டத்துக்கு வந்த கரும்பாலைக்காரருடையது. நாட்டுச்சர்க்கரை நோயாளிக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அவரோ எழுந்து நின்று, "என்ர சரக்குதான், நல்ல சரக்குதான், ஆனா ரத்தத்துல போனா இதும் சக்கரைதானுங்க" என்றார். கூட்டம் முழுவதும் அமைதியாகக் கேட்டது. ராகிக்களியும் கம்பஞ்சோறும் அளவுக்கு மிஞ்சினால் மாவுச்சத்துதான் என்பதை அதற்குப் பிறகே எங்களால் தயக்கமின்றிப் பேச முடிந்தது.

மாகாளியம்மன் கோயில் அன்னதானச் சமையல்காரர் ஐயாவும் எங்களுக்கு வழிகாட்டினார். அரிசிம்பருப்புச் சாதத்தில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினார். முதலில் காய்ப் போசியும் பச்சைப்பயிறு கடைசலும் பந்திக்கு வந்து, சோறு பிறகு வந்தது. யாருடைய இலையிலும் குறை வைக்காமல் இதைச் செய்ய முடியும் என்பதைக் கண்ணால் கண்டோம்.

இப்பணியால் எங்கள் ஊரில் நோய் இத்தனை விழுக்காடு குறைந்தது என்று நாங்கள் உரிமை கொண்டாட மாட்டோம். கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, அவற்றில் பாதியில் ஊர் மக்களே குழுத் தலைவர்களாக இருந்து நடத்திய தடுப்புத் திட்டத்தின் முடிவு 2018-இல் வெளியானது. நீரிழிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் காய்கனி உண்பது கூடியது, மது குறைந்தது. தேர்ந்த ஆய்வாளர்களே இவ்வளவு அடக்கமாகப் பேசும்போது எங்களுக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையோடு ஒவ்வொரு வாரமும் கூட்டத்துக்கு வந்து, எடைக்கருவியில் ஏறி நின்று, ஏறினாலும் இறங்கினாலும் மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதவிட்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

விளிம்பில் இருப்பதாகத் தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நவம்பர் 14, உலக நீரிழிவு நாளை ஒட்டி அதற்கான ஏற்பாட்டைச் செய்கிறோம். சென்ற முறை வந்தவர்கள் தவறாமல் வர வேண்டும், வீட்டில் இன்னும் ஒருவரையும் அழைத்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
ஊர் நலக் குழுவினருக்காக,
ஒருங்கிணைப்பாளர்