டேட்டா சென்டரில் எங்கள் மாணவர்களுக்கு எத்தனை வேலை?

தமிழ்நாடு அரசின் தொழில் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். சிறுசேரி சிப்காட்டில் இன்னொரு டேட்டா சென்டர் (தகவலைச் சேமித்து வைக்கும் சர்வர் கம்ப்யூட்டர்கள் நிறைந்த கட்டடம்) வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கிறார்கள்: "சார், அங்கே நமக்கு வேலை இருக்குமா?"

நேர்மையாகப் பதில் சொல்ல என்னிடம் விவரம் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று அறிவிப்பு வருகிறது. அதில் கட்டட வேலைக்கு வந்து போகிறவர்கள் எத்தனை பேர், கட்டி முடித்த பிறகும் இருக்கப்போகிறவர்கள் எத்தனை பேர்? அமெரிக்காவின் வட கரோலினாவில் மெய்டன் என்ற சிற்றூரில் 100 கோடி டாலர் செலவில் டேட்டா சென்டர் கட்டப்போவதாக ஆப்பிள் 2009இல் அறிவித்தது. நிரந்தர வேலை என்று சொன்னது சுமார் 50 பேருக்குத்தான். கார் தொழிற்சாலை மாதிரி ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் இடம் இல்லை இது.

சரி, வேலை குறைவுதான். ஆனால் இருப்பது நல்ல வேலை. சர்வர்கள் ராப்பகலாகச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அறைகளைக் குளிர வைக்கும் பெரிய இயந்திரமான சில்லர் நின்றால் சில நிமிடங்களில் அறை தகிக்கத் தொடங்கிவிடும். கரண்ட் போனால், யூபிஎஸ் தாங்குகிற கொஞ்ச நேரத்துக்குள் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். இதையெல்லாம் மூன்று ஷிப்டிலும் பார்க்க, ஐடிஐயும் டிப்ளமோவும் படித்த, கை பழகிய ஆட்கள் வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் கான்ட்ராக்டர் மூலம் ஹெல்பராக இருக்கிறார். டெக்னீசியன் வேலை கேட்டால், சில்லரில் அனுபவம் இல்லை என்கிறார்களாம். எப்படி இருக்கும்? எங்கள் பட்டறையில் இருப்பது விண்டோ ஏசியும் ஸ்ப்ளிட் ஏசியும்தானே!

2021 தரவு மையக் கொள்கை வழியாக இந்த நிறுவனங்களுக்கு அரசு சலுகை தருகிறது. அந்தச் சலுகையோடு கட்டட வேலை, நிரந்தர வேலை, கான்ட்ராக்ட் வேலை என்று கணக்கைப் பிரித்து வெளியிடச் சொல்லுங்கள். அப்புறம், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து, 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களை (அப்ரன்டிஸ்) எடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த இடங்களில் பக்கத்து ஐடிஐ மாணவர்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

கழித்துப் போட்ட பழைய சில்லர் ஒன்றை எங்கள் பட்டறைக்கு வாங்கிக் கொடுத்தாலும் போதும். பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஐடிஐ ஆசிரியர்