ஈகிள் பப்பில் ஒரு மதியம்

கேம்பிரிட்ஜ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. போன சனிக்கிழமை பெனட் தெருவில் இருக்கும் ஈகிள் பப்புக்குப் போயிருந்தேன். பப் என்றதும் சித்தி பதற வேண்டாம். குழந்தை குட்டியோடு வந்து சாப்பிட்டுப் போகிற இடம்தான். நான் தின்றது மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். உறைப்பு மருந்துக்கும் இல்லை.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டிஎன்ஏவைக் கரும்பலகையில் முறுக்கி முறுக்கி வரைவீர்களே, அது முறுக்கிய இரட்டை ஏணி வடிவம் என்கிற சேதி வெளியே வந்தது இங்கேதான். பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கூடமான கேவெண்டிஷ் ஆய்வகம் அப்போது பக்கத்துச் சந்தில் இருந்தது. (உங்கள் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனும் 1940களின் கடைசியில் அங்கேதான் ஆராய்ச்சி செய்தார்.) அங்கே வேலை பார்த்து, அந்த வடிவத்தைக் கண்டுபிடித்த கிரிக்கும் வாட்சனும் மதியச் சாப்பாட்டுக்கு அநேகமாகத் தினமும் இங்கு வருவார்களாம். 1953 பிப்ரவரி 28 அன்று, உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று கிரிக் எல்லார் காதிலும் விழும்படி சொன்னதாக வாட்சன் எழுதியிருக்கிறார். கிரிக்கோ, அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை என்றுவிட்டார்!

வாசலில் பதித்திருந்த பலகையில் அந்த இருவர் பேர் மட்டும்தான் இருந்தது. லண்டனில் விஞ்ஞானி ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வில் எடுத்த, கண்டுபிடிப்புக்குக் கைகொடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தை அவருக்குத் தெரியாமலே வாட்சனிடம் காட்டியது ஊரறிந்த கதை. யாரோ பொறுக்காமல் பலகையிலேயே பிராங்க்ளின் பேரையும் கிறுக்கிவிட்டார்கள். அப்புறம் 2023இல்தான் அவர் பேரோடு புதுப் பலகை வந்தது. அவர் 1958இலேயே, 37 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். கிறுக்கிய கைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றியது.

உள்ளே பின்பக்கம் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) பார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சுற்றுவட்டார விமானத் தளங்களிலிருந்து வந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் பையன்கள் மேஜை மேல் ஏறி, மெழுகுவர்த்தியாலும் லைட்டராலும் சீலிங்கைக் கருக்கித் தங்கள் பேரையும் படைப்பிரிவு எண்ணையும் எழுதியிருக்கிறார்கள். செம்பழுப்புக் கூரை முழுக்கக் கறுப்பு எழுத்து. சில எழுத்துகள் ஒரே கோணல். மேஜை ஆடியதோ, ஆள் ஆடினானோ! லிப்ஸ்டிக்கால் வரைந்த பெண் படம் ஒன்றும் உண்டு. உடுப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். இப்படி எழுதிவிட்டுப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். பின்னாளில் ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர்தான் படிந்திருந்த அழுக்கைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் படித்தெடுத்தாராம். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

போட்டோக்களைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். சித்தியின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டதா? பணம் போதுமா என்று கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
குமார்