வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: நோட்லிஸ்ட்டில் நடந்த தவறு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் சர்வர் மாற்றியதிலிருந்து, எங்களிடம் வாடகைக்கு இருக்கும் உங்களில் ஒன்பது பேருடைய பிபிஎஸ்ஸுக்கு (செய்திப் பலகைக் கணினிக்கு) ஃபைடோநெட் மெயில் வரவில்லை. பிபிஎஸ்கள் தங்களுக்குள் மெயில் பரிமாறிக்கொள்ளும் வலையமைப்புதான் ஃபைடோநெட், அதன் முகவரிப் பட்டியல்தான் நோட்லிஸ்ட். தவறு எங்களுடையது, மன்னிக்கவும். ஆனால் "வாடகையை வாங்கிக்கொண்டு நம்மை நோட்லிஸ்ட்டிலிருந்தே தூக்கிவிட்டார்" என்று ஒரு பேச்சு பரவுகிறது. அதுதான் மனதைத் தைக்கிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

யாரையும் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. நீங்கள் சொல்லும் விவரத்தை வரியாக எழுதி உங்கள் வட்டாரப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் நெட் ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புவது மட்டுமே எங்கள் வேலை. அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பிரிவான ரீஜன், அங்கிருந்து அதற்கும் மேலான ஸோன், பிறகு வாராந்தரப் பட்டியல் என்று அது போகும். வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டால் அடுத்த வாரம்தான்.

அந்த வரியில் எல்லாமே காற்புள்ளிக் கணக்கு. நோட் எண் (பட்டியலில் அந்த பிபிஎஸ்ஸின் எண்), பிபிஎஸ் பெயர், ஊர், அதை நடத்தும் சிஸ்ஆப் பெயர், போன், வேகம், கடைசியில் குறிகள். பெயரில் இரண்டு சொல் இருந்தால் நடுவே இடம் விடக்கூடாது, அடிக்கோடு போட வேண்டும். ஒரு காற்புள்ளி கூடினால் வேகம் இருக்க வேண்டிய கட்டத்தில் போன் எண் போய் உட்காரும். ஐந்து வருடம் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த தம்பி சித்திரையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இந்த முறை எழுதியது நான்.

முன்பு ஆளுக்கொரு தனி ஐபி முகவரி கொடுத்தோம். 2011இல் ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி முகவரி வழங்கும் ஏபிநிக் அமைப்பின் கையிருப்பு கடைசித் தொகுப்புக்கு வந்த பிறகு அந்தப் பழைய வகை முகவரிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்போது ஒரே முகவரியில் பல பிபிஎஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ட் எண், அதாவது அந்த முகவரியில் அதற்கான கதவு எண். ஃபைடோநெட் மெயிலை இணையத்தில் கொண்டுபோகும் பிங்க்பி முறைக்கு வழக்கமான எண் 24554. அதிலேயே இருந்தால், வரியின் கடைசியில் பிங்க்பியைக் காட்டும் ஐபிஎன் (IBN) என்ற குறி மட்டும் போதும். மாறினால் குறியை ஒட்டி முக்காற்புள்ளி போட்டுப் புது எண்ணை எழுத வேண்டும். ஒன்பது வரியிலும் அதை விட்டுவிட்டேன். வெளியூர் பிபிஎஸ்கள் எல்லாம் பழைய கதவையே தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. உங்கள் வரிகள் பட்டியலில் ஒரு நாளும் இல்லாமல் போகவில்லை. பழைய பட்டியல்களை எடுத்துப் பாருங்கள், தெரியும்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. உங்களில் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு மெயிலர் லாக்கை (மெயில் போக்குவரத்துப் பதிவை) அனுப்பி, "அண்ணா, எண் எங்கே?" என்று கேட்டார். திட்டிவிட்டுப் போயிருக்கலாம், உட்கார்ந்து தேடிக் கொடுத்தார். மோடம் ரிப்பேருக்கு வந்த நாள் முதல் கூடவே இருப்பவர்கள் நீங்கள். அந்தக் கடன் எனக்குத் தீராது.

திருத்திய வரிகள் போய்விட்டன. இணையம் வழியாக பிபிஎஸ்ஸுக்குள் நுழைகிறவர்கள் பார்க்கும் டெல்நெட் பட்டியல்களிலும் போர்ட் எண்ணை மாற்றச் சொல்லியிருக்கிறோம். ஆடி முதல், போனில் மோடம் வழியாக அழைக்கும் டயல்-அப் லைன் இருக்காது, மாத வாடகையும் ரூ. 300இலிருந்து ரூ. 450 ஆகிறது.

லைனை ஒப்படைக்கும் முன்பே அந்தப் போன் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 1984இல், ஃபைடோநெட்டைத் தொடங்கிய டாம் ஜென்னிங்ஸ் தானே பட்டியலை வைத்திருந்த காலத்திலேயே, ஒரு தவறான எண்ணால் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுப் போன் மோடம் அழைப்பில் அடித்துக்கொண்டிருந்தது. நம் எண் நாளை எந்த வீட்டுக்குப் போகுமோ, அங்கே தூங்குகிறவர்களை நாம் எழுப்பக்கூடாது. உங்கள் வரியில் அந்தப் போன் எண் இருந்தால் புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைப் பட்டியல் வந்ததும், ஐபிஎன் பக்கத்தில் போர்ட் எண் இருக்கிறதா என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்