அண்ணே, நெல்லு?

தருமபுரம்
20.11.2024

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். மழை பிடித்துவிட்டது, வயலுக்குள் கால் வைக்க முடியாது. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

பாராளுமன்றத் தேர்தல் விவாதத்தை ரொறன்ரோவில் இருந்து யூடியூப்பில் பார்த்தாயாம். இரண்டாவது வரிசையில் என் மகள் ஏன் முகத்தை உம்மென்று வைத்திருந்தாள் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

அவளைக் கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனது நான்தான். இளையோர் கேள்வி கேட்க, வேட்பாளர்கள் பதில் சொல்வார்கள் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்துக்குள் போனதும் வெள்ளைச் சட்டைக்காரரைப் பின்னுக்கும் நிறச் சட்டைக்காரரை முன்னுக்கும் மாற்றினார்கள். கமராவுக்கு வெள்ளை சரிவராதாம். பிறகு ஒருவர் வந்து எப்போது கைதட்ட வேண்டும் என்று பழக்கினார். மூன்று தரம் சும்மா தட்டச் சொல்லி அதையும் படம் பிடித்தார்கள். அதுவரை மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை! தாய் தகப்பன்மாருக்குக் கடைசியில் பிளாஸ்டிக் கதிரையும் ஒரு பிளேன்ரீயும்.

கேள்விகளை முதலே எழுதி வாங்கி, திருத்திக் கடதாசித் துண்டில் கொடுத்தார்கள். மகள் எழுதியது இராணுவம் வைத்திருக்கிற காணிகளை விடுவிப்பது பற்றி. திரும்பி வந்த துண்டில் 'இளைஞர்களுக்கு உங்கள் செய்தி என்ன?' என்று இருந்தது. அவள் கேட்கவேயில்லை. அந்த முகத்துக்குக் காரணம் இதுதான்.

முரசுமோட்டைப் பொடியன் ஒருவன் மட்டும் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு எழும்பினான். "காலபோக (மாரி மழைப் பயிர்) நெல்லை வெட்டினால் காயப்போட இடமில்லை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில்தான் பரப்புகிறோம். ஈரம் என்று சொல்லி யாவாரி விலையைக் குறைக்கிறார். நீங்கள் வந்தால் என்ன செய்வீர்கள்?"

வேட்பாளர் தமிழர் பிரச்சினையின் வரலாற்றை 1948இல், சுதந்திரத்தில் இருந்து தொடங்கினார். 1956 தனிச் சிங்களச் சட்டம், 1972 யாப்பு, 1976 வட்டுக்கோட்டைத் தனிநாட்டுத் தீர்மானம், 1987 இந்திய ஒப்பந்தம், மாகாணசபை தந்த பதின்மூன்றாம் திருத்தம். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, நீயும் நானும் அதற்குள்தானே வளர்ந்தோம். ஒலிவாங்கியைத் திருப்பி வாங்க ஒரு பிள்ளை கை நீட்டினாள். பொடியன் விடவில்லை. இறுக்கிப் பிடித்தபடி, "அண்ணே, நெல்லு?" என்றான்.

மண்டபம் சிரித்த சிரிப்பு! பழக்காமல் வந்த ஒரே கைதட்டல் அதுதான், மச்சான்.

நீ பார்த்த நிகழ்ச்சியில் அது இருக்காது. வெட்டிவிட்டார்கள். முதலில் பிடித்த கைதட்டலைக் கொண்டுபோய் வட்டுக்கோட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

போர் நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுழற்றி றேடியோவில் பிபிசி தமிழோசை கேட்டோமே. நீ பெடலைக் கையால் சுற்றுவாய், நான் ஏரியலைப் பிடிப்பேன். செய்தி முடிந்தால் திண்ணையில் விடியும்வரை சண்டை. எங்கள் பேச்சைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஊரையே கேட்கக் கூட்டிவைத்துவிட்டு, கையில் துண்டைக் கொடுக்கிறார்கள். இம்முறை முதல் வாக்குப் போட்டவர்களில் பலருக்குப் போர் முடிந்த 2009 மே மாதம் மூன்று நான்கு வயது. 'நீங்கள் பிறக்க முன்னமே' என்று தொடங்குகிற பேச்சை இவர்கள் எத்தனை தரம் கேட்டிருப்பார்கள்?

கொழும்பிலும் பெரிய திறமில்லை. இந்த வருட ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், ஜூனில் அநுரவும் சஜித்தும் விவாதத்துக்குத் திகதி குறித்ததோடு சரி, மேடையைக் காணவில்லை. 2019இல் ஜனாதிபதி வேட்பாளர்களை ஒரே மேடைக்குக் கூப்பிட்டபோது கோட்டாபய வரவில்லை, வென்றது அவர்தான். அப்புறம் யார் மினைக்கெட்டு வந்து பதில் சொல்லப்போகிறார்கள்?

எங்கள் கிளிநொச்சி வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடுதானே சேரும். ஆறு ஆசனத்தில் மூன்று அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு. இளைஞர் அலை என்று ரீவியில் விளக்கம் சொல்கிறார்கள். அலையோ என்னவோ, நெல்லுக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. தை மாதம் பிறந்தால் மறுபடி றோட்டில்தான் பரப்ப வேண்டும்.

பொடியன் நெல்லைக் கேட்ட அந்த இடத்தை மகள் தன் போனில் எடுத்து வைத்திருக்கிறாள். நாற்பது செக்கன்தான், கை ஆடுகிறது, சத்தம் தெளிவு. வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், அம்மாவுக்கும் போட்டுக் காட்டு.

உன்,
மச்சான்