சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

உன் டாக்ஸியின் டிக்கியை அடைத்துக்கொண்டு 12 அங்குல சப்வூஃபர் பெட்டி, அதாவது அடி ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி, வைக்கப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். வைக்காதே. ராமேஸ்வரம் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளை அப்புறம் எங்கே ஏற்றுவாய், உன் மடியிலா?

முன்பக்கத்தில் இடது சீட்டுக்கு அடியில் செருகுகிற தட்டைப் பெட்டியாக வாங்கு. 8 அங்குல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபையரும் ஒன்றாகவே இருக்கும். உயரம் 7, 8 சென்டிமீட்டர்தான். சத்தம் காலடியிலிருந்து வருவது தெரியாதா என்பாய். தெரியாது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உன் வண்டியோ 4 மீட்டர்கூட வராது. அத்தனை நீள அலை எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று காதுக்குப் பிடிபடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்தச் சின்ன அடைப்பே அடி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். அதற்காக அளவுக்கு மீறி எதிர்பார்க்காதே. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதாவது ஹெர்ட்ஸ் பாதியானால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே தட்டைப் பெட்டி திணறிவிடும். தவிலின் முழக்கம் நன்றாகவே கேட்கும். நெஞ்சுக்கூடு அதிர வேண்டுமென்றால் திருவிழாப் பந்தலுக்குப் போ.

வெறும் சீட்டுக்கு அடியில் டேப் பிடித்து அளந்தால் ஏமாறுவாய். ஆள் உட்கார்ந்தால் சீட்டின் கம்பிகள் கீழே தொய்யும். உடைந்த மீன் பெட்டியின் தெர்மாகோலை சப்வூஃபர் பெட்டி அளவுக்கு வெட்டிச் செருகு. பருமனான ஒருவரை உட்காரவைத்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்து. தெர்மாகோலில் எங்கே பள்ளம் விழுகிறதோ அங்கே கம்பி இடிக்கிறது. நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல. மஞ்சள் உறை போட்ட வயர் கண்ணில் பட்டால் மட்டும் கை வைக்காதே. அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

அட்டையில் பெரிதாக அச்சடித்திருக்கும் வாட் கணக்கு உச்ச அளவு, அதை நம்பாதே. தொடர்ந்து தாங்கும் வாட்டை ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பான், அது 100, 150 இருந்தால் உனக்கு ஏராளம். மிச்சக் காசை வயரில் போடு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு வயர் நம் கடற்கரை உப்புக்காற்றுக்குத் தாங்காது. படகுகளுக்குப் போடுகிற, வெள்ளீயம் பூசிய முழுச்செம்பு வயரைக் கேட்டு வாங்கு. பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, முதல் ஒரு முழத்துக்குள் பியூஸ் வை. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்கு. மேலே வாசலின் தடவு. சீட் பெல்ட் போல்ட்டில் கட்டாதே. பெயிண்ட் மேலேயே கட்டிவிட்டுப் போகிற மெக்கானிக்குகள் உண்டு. பக்கத்தில் நின்று பார்.

அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு ஏறுகிறவர்களை நீ தடுக்க முடியாது. உப்புத்தண்ணீர் தரைவிரிப்பில் ஊறிக் கிடக்கும். ஆகவே நான்கு மூலையிலும் ரப்பர் கட்டை கொடுத்துப் பெட்டியைச் சற்றுத் தூக்கி வை. தெர்மாகோலை வெட்டும்போதே அந்த உயரத்தையும் சேர்த்துக்கொள். பிரேக் அடித்தால் சறுக்காதபடி பட்டை போட்டுக் கட்டு.

ஸ்டீரியோவை மாற்றத் தேவையில்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வசதி இந்த வகையில் பலவற்றுக்கு உண்டு. வாங்கும் முன் கேட்டுக்கொள். மேல் ஒலியைத் தடுக்கும் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றிப் பார். உன் சீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது எதில் கனமாக ஒலிக்கிறதோ, அதில் விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் மாமா