ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே அண்ணன், வாரம் மூன்று நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக மாணவர்கள் அருகிலுள்ள பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுப்பதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், ஒரு கழித்தல் கணக்கிலிருந்து தொடங்கலாம். 52-இலிருந்து 37 போனால் 25 என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. அது கவனக்குறைவு அல்ல. 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது பிடிபடவில்லை. நிறைந்த வகுப்பில் ஆசிரியர் கண்ணில் படுவது தவறான விடை மட்டுமே. பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்பவருக்குத்தான் காரணம் தெரியும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் பிள்ளைக்கு வழி திறக்கும்.

2020-இல் இத்தாலியில் பள்ளிகள் மூடியிருந்தபோது, பல்கலைக்கழக மாணவர்கள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் தனித்தனியாகக் கற்பித்தார்கள். வாரம் 3 மணி நேரத்திலேயே தேர்ச்சி உயர்ந்தது. 6 மணி நேரம் கிடைத்த பிள்ளைகளிடம் பலன் இன்னும் கூடுதல்.

ஒருநாள் முகாம்களால் இது நடக்காது. ஒரு மாணவருக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவர்களையும் வகுப்பைப் பார்த்துச் சேர்க்காமல், தடுமாறும் இடத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வாரம் மூன்று நாள், 45 நிமிடம், பத்து வாரம். முதல் நாள் ஒரு பத்தி வாசிப்பு, ஐந்து வரி சொல்வதெழுதுதல், ஆறு கணக்கு. எங்கே நிற்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் வைப்பது முக்கியம். மாலையில் வைத்தால், மிகவும் தேவைப்படும் பிள்ளைதான் முதலில் நின்றுபோகும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பிள்ளையின் மௌனத்தில். இரண்டு நொடி பொறுக்காமல் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்கப் பழக்க வேண்டும். வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பதும் அதே தவறுதான். இதைவிடப் பெரிய கேடு, பல்கலைக்கழகத் தேர்வு வந்ததும் சொல்லாமல் நின்றுவிடுவது. காத்திருந்த பிள்ளை, தன்மீதுதான் குறை என்று நினைத்துக்கொள்கிறது. ஆகவே பத்து வாரமும் தேர்வுக்கு முன்பே முடியும்படி நாள் குறிக்க வேண்டும், மாற்று ஆளும் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கும் அறை, அறையில் எப்போதும் கற்பிப்பவர்கள் இருவர், தனிப்பட்ட கைபேசி எண் பரிமாற்றம் இல்லை என்பவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கற்பிப்பவருக்கும் இது பெரிய வரவு. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஒரு சிறுமி கேட்டால், பட்டப்படிப்பு மாணவரும் திரும்பப் படித்தாக வேண்டும். ஆசிரியப் பணிக்குப் போகிறவருக்கோ, பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்பது வேலைக்குச் சேரும் முன்பே கைவந்துவிடுகிறது.

இதற்குச் சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பாமல், பல்கலைக்கழகங்கள் பாட மதிப்பெண் அளிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணை வருகைப் பதிவையும், ஒவ்வொரு நாளும் பிள்ளை எங்கே தடுமாறியது என்று எழுதிய குறிப்பேட்டையும் பார்த்தே அளிக்க வேண்டும். அந்தக் குறிப்பேட்டை வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை புரட்டினால், மறுவாரம் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தன்னார்வக் கற்பித்தலை ஒருங்கிணைக்கும் ஆசிரியர்கள்