உருளைக்குள் இருப்பது காற்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிணற்றுக்குள் மயங்கி விழுந்த இருவரை மீட்டது பற்றிச் சென்ற செவ்வாய்க்கிழமை இதழில் வெளியான செய்தியில், ‘ஆக்சிஜன் சிலிண்டருடன் இறங்கிய தீயணைப்பு வீரர்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் முதுகில் சுமந்தது ஆக்சிஜன் அன்று. நீங்களும் நானும் சுவாசிக்கும் காற்றைத்தான் வடிகட்டி, ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் நீக்கி, அழுத்தி அடைத்துவைக்கிறோம். அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு மட்டுமே.

முப்பத்தொரு ஆண்டுகள் ‘பி.ஏ. செட்’ எனப்படும் இந்தச் சுவாசக் கருவியைத் தோளில் மாட்டியவன் நான். 6 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1,800 லிட்டர் காற்று அடங்கும். கடுமையாக உழைப்பவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் முக்கால் மணி நேரம்கூட முழுமையாகக் கிடைக்காது. ஏனெனில், காற்று தீரும் முன்பே எச்சரிக்கும் விசில் ஒலித்ததும் வெளியேறியாக வேண்டும். நாங்கள் வெளிவிடும் மூச்சு தீ எரியும் அறைக்குள்தான் கலக்கும். உருளையில் தூய ஆக்சிஜன் இருந்திருந்தால் தீயை அணைக்கச் சென்ற நாங்களே அதற்குத் தீனி போட்டிருப்போம்.

இதைச் சொல் பற்றிய சிறு பிசகாக என்னால் கருத முடியவில்லை. ஒரு கிடங்குத் தீவிபத்தின்போது, உள்ளே சிக்கியவருக்கு மூச்சுவிட உதவும் என்று நம்பி, பக்கத்து வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார் ஓர் இளைஞர். வாசலிலேயே மறித்தேன். “நீங்களும் இதைத்தானே சார் மாட்டிக்கிட்டுப் போறீங்க, பேப்பர்ல போடுறாங்களே” என்றார். நல்ல மனம் படைத்த அந்தப் பிள்ளையை நான் எப்படிக் குறை சொல்வது?

முக்குளிப்போர் பற்றிய செய்திகளிலும் இதே பிழைதான். 6 மீட்டர் ஆழத்துக்குக் கீழே தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் வலிப்பு வந்து உயிர் போகக்கூடும் என்பதால், பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவர்களின் உருளையிலும் பெரும்பாலும் காற்றே இருக்கும். மருத்துவமனைப் படுக்கைக்கும் எவரெஸ்ட் ஏறுபவருக்கும் தேவைப்படுவது ஆக்சிஜன். அங்கே அப்படி எழுதுவது முற்றிலும் சரி. 2021இல் ஊரே ஆக்சிஜனுக்கு அலைந்த பிறகு, கண்ணில் படும் உருளை அனைத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டதோ என்று எண்ணுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் இதைப் பற்றித் தங்களுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால், அடுத்த முறை ‘உயிர்வளி உருளை’ என்று அச்சாகியிருந்தது. ஆங்கிலச் சொல்லை நான் வெறுப்பதாகக் கருதிவிட்டீர்கள் போலும். உயிர்வளி என்றாலும் ஆக்சிஜன்தானே, ஐயா? அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. வேதியியல் அறிந்தவர்கள் தங்கள் அலுவலகத்தில் இல்லாமலா இருப்பார்கள்?

இனி ‘காற்று உருளை’ என்றோ ‘காற்று சிலிண்டர்’ என்றோ எழுதுமாறும், செவ்வாய்க்கிழமைச் செய்திக்கு இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்,
திருச்சிராப்பள்ளி